விழுகிற ஆட்டுக்குப் புல்லாங்குழல்

அம்மா,

உன் வீடியோ கேம் கன்ட்ரோலரின் ரப்பர் பிடியில் இன்னும் நீலகிரித் தைலம் மணக்கிறது. இப்போதுதான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஆனாலும் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாசனைதான். ஆபீஸிலிருந்து வந்ததும் மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, தேய்த்தது காய்வதற்குள் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். நாள் முழுக்க ஆடிவிட்டு வந்து மறுபடியும் ஆட்டமா என்று அப்பா கேட்பார். "அது சோலி. இது ஆட்டம்" என்பாய்.

பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ஹாலில் படுத்திருக்கிறார். நீ போனதிலிருந்து அவர் உங்கள் அறையில் படுப்பதில்லை. விளக்கைப் போட்டால் எழுந்து வந்துவிடுவார். வந்தால், "நாளைக்கு வேண்டாம்னு சொல்லிருவோமா பிள்ள?" என்று இன்னொரு தடவை கேட்பார். இன்னொரு தடவை கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நீ தமிழில் கேட்பாய், நான் பாதி இந்தியிலும் பாதி தெலுங்கிலும் பதில் சொல்வேன். சண்டை வந்தால் மட்டும் எனக்குத் தமிழ் எங்கிருந்தோ வந்துவிடும். "இப்ப மட்டும் வாய் கிழியுதுல்லா" என்று சிரித்துவிடுவாய், சண்டை பாதியில் நின்றுவிடும். இதைத் தமிழில் எழுதுகிறேன். இதையும் சண்டை என்றே வைத்துக்கொள். இந்தத் தடவை நீ சிரித்து நிறுத்த முடியாது.

நாளை மாலை சிக்கந்தராபாத்தில் கச்சேரி. உன் நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். நீ ஆடியதைப் பதிவாக ஓட்டலாம் என்றுதான் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நான் கூடாது என்றேன்.

உன் அம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் யாராவது கேட்டால், "சுவரில் முட்டுவார்" என்பேன். பொய்யில்லை. ஒரு கேம் வெளியே போவதற்கு முன்னால் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உன் வேலை. எல்லாச் சுவரிலும் முட்டுவாய், எல்லாப் பள்ளத்திலும் விழுவாய், யாரும் போகாத மூலையில் போய் நின்று என்ன ஆகிறது என்று பார்ப்பாய். ஒரு நாளில் நீ செத்த அளவுக்கு வேறு யாருடைய அம்மாவும் செத்திருக்க மாட்டார். இப்படி எழுதுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் நீதான் அப்படிச் சொல்வாய். சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு நாப்பது தடவை செத்தேன், ரசம் ஊத்துங்க" என்பாய்.

அந்த ஆட்டு கேம் உனக்குப் பிடித்துப் போனது அதனால்தான். ஒரு ஆடு, மூன்று பாறை, அவ்வளவுதான். நம் லோத்குண்டாவில் ராணுவ நிலத்து முள்வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற பாறைகளைப் போலவே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆடு ஏற ஏற இசையில் ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். நின்றால் செல்லோ மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். விழுந்தால் புல்லாங்குழல்.

அந்தப் புல்லாங்குழல் முதலில் அழுகிற மாதிரி இருந்தது. நீ அதையும் ஒரு பிழை என்று எழுதி அனுப்பினாய். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்களாம், இசையில் என்ன பிழை என்று. "விழுகது தப்பு மாதிரி கேக்கு. அது தப்பில்லை, ஆட்டத்துல ஒரு வழி. மாத்துங்க" என்று விடாமல் நின்று மாற்றவைத்தாய். இப்போது அது சறுக்குமரத்தில் இறங்குவது போல, குறும்பாக, வளைந்து வளைந்து இறங்கும். அந்த கேமிலேயே நீ உண்டாக்கியது என்று ஒன்று இருந்தால் அந்த நான்கைந்து விநாடிதான்.

கீழ்வீட்டு எஸ்தர் ஆன்டி கறிவேப்பிலை கேட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வயலின்காரர்களையும் பேண்டுக்காரர்களையும் சேர்த்து ஒரு வாத்தியக் குழுவையும் நடத்துகிறவர். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே உன் பின்னால் நின்று கேட்டார். "இது என்னம்மா, ஆடு நின்னா பாட்டும் நின்னுடுது?"

"நிக்கலை அக்கா. காத்துக்கிட்டு இருக்கு."

"மனுசங்களால இப்படி வாசிக்க முடியுமா?"

"வாசிச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கேமின் சத்தத்தை அணைத்துவிட்டு நீ திரையில் ஆடுவாய், அதற்கு அவர்கள் வாசிப்பார்கள். ஆன்டி அந்த இசையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் வட்டமாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ பாறையைத் தாண்டியதும் ஆன்டி இடது கை விரலை உயர்த்திக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இரண்டாம் துண்டு. கையை மூடிக் காட்டினால் நிற்கிற ஆடு. கையால் காற்றை வெட்டினால் விழுகிற ஆடு, எல்லோரும் நிறுத்த, புல்லாங்குழல் மட்டும். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆன்டிக்கும் தெரியாது. உனக்கே தெரியாது.

முதல் ரிகர்சலிலேயே நீ அவர்களை உடைத்துவிட்டாய். ஒன்றாம் பாறைக்கும் இரண்டாம் பாறைக்கும் நடுவே உள்ள விளிம்பில் ஆட்டை முன்னும் பின்னும் குதிக்க வைத்தாய். ஆன்டியின் விரல் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஓடியது. வயலின்கள் ஒரு துண்டில், செல்லோ இன்னொன்றில். டிராம்போன் வாசிக்கிற செல்வராஜ் அங்கிள், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டார்.

"மேடம், எங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க!"

"இப்பவே ஒடைஞ்சிருங்க அண்ணே. மேடையில பயத்துல நானே இப்படித்தான் தடுமாறுவேன். அன்னைக்கு ஒடையக் கூடாதுல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாரம் முழுக்க அதையே பழகினார்கள். உன் ஆடு எங்கே தடுமாறினாலும் அவர்கள் கூடவே வந்தார்கள். பின்வரிசையில் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், ஒரு கூட்டமே என் அம்மாவின் கட்டைவிரலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. ரிகர்சலுக்குப் போக முடியாத நாட்கள் வந்தன. அவர்கள் பழகுவதற்காவது இருக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பதிவு செய்தாய். திரை மட்டும்தான் பதிவானது, வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை. எங்கும் விழாமல், நல்ல பிள்ளை மாதிரி மேலே வரை ஏறினாய். "பழகதுக்குத்தான் சுத்தமா ஆடிருக்கேன். மேடைக்கு நான் வருவேம்லா" என்றாய்.

நீ வரவில்லை.

அந்தப் பதிவையே மேடையில் ஓட்டுவோம், நாம் அதற்கு வாசிப்போம், அதுதான் அவளுக்கு மரியாதை என்று குழுவில் யாரோ சொல்ல, எல்லோரும் கண் கலங்கி ஒத்துக்கொண்டார்கள். பதிவின் நேரம் மாறாது என்பதால் எல்லோர் காதிலும் ஒரு சின்னக் கருவி, அதில் டிக் டிக் என்று தாளம். ஆன்டிக்கு விரல் காட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். பதிவை ஓட்டுகிற லேப்டாப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பாலாநகரில் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கிறவர் அல்லவா, எல்லாக் கம்பிகளையும் இரண்டு முறை சரிபார்த்தார்.

நானும் சும்மாதான் இருந்தேன். இன்று மாலை வரை.

இன்று கடைசி ரிகர்சல். பெரிய திரையில் உன் ஆடு ஏறியது. எல்லோரும் பிசகாமல் வாசித்தார்கள். அவ்வளவு அழகாக அவர்கள் வாசித்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் காதில் டிக் டிக் போதுமாக இருந்தது. புல்லாங்குழல் வாசிக்கிற அக்கா வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பதிவில்தான் நீ விழவே மாட்டாயே. உன் நினைவாக நடக்கிற கச்சேரியில் நீ சண்டை போட்டு வாங்கிய அந்த இசைக்கு மட்டும் இடமில்லை.

இரண்டாம் பாறையின் விளிம்பில் ஆடு நின்றது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. செல்லோ மெல்ல மெல்லப் பெருகியது. ஆன்டி கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"இந்த இடத்தை இன்னும் பைய எடுங்க. இங்க அவ ஏதோ யோசிச்சிருக்கா. கீழே பாத்துக்கிட்டு நிக்கறா பாருங்க. தெரிஞ்சே நமக்கு விட்டுட்டுப் போன இடம் இது." அவருக்குக் குரல் உடைந்தது. முன்வரிசை வயலின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேப்டாப்புக்குப் பின்னால் அப்பா குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்றேன்.

"ஆன்டி, அது குக்கர்."

"என்னம்மா?"

"குக்கர் விசில். பருப்பு வச்சிருந்தோம். எத்தனை விசில் வந்துச்சுன்னு அம்மா திரும்பி என்னைக் கேட்டாங்க. நான் எண்ணலை. ஒரு வேலை ஒழுங்கா செய்யறியான்னு திட்டினாங்க, நானும் கத்தினேன். அதான் ஆடு நின்னுச்சு. பருப்பு அடி பிடிச்சுடுச்சு."

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. பின்னாலிருந்து செல்வராஜ் அங்கிள் குரல் வந்தது. "அப்போ இவ்ளோ நாளா பருப்புக்கா அழுதோம்?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். ஆன்டி கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அடங்கினால் எனக்குத் தைரியம் போய்விடும். "அம்மா மேடையில பதிவு ஓட்டறதுக்கா உங்களை அப்படி உடைச்சாங்க? இப்ப நீங்க யாருக்காகவும் காத்திருக்கலை. நான் ஆடறேன். அம்மா அளவுக்கு வராது. விழுவேன். ஆனா நான் ஆடறேன்."

"ஹவ், ஆமா," என்றார் செல்வராஜ் அங்கிள், யாரும் கேட்காமலே. "ஆடட்டும் பாப்பா. நாங்களும் கொஞ்சம் விழுந்து பாக்கறோம்."

ஆடினேன் அம்மா. படு கேவலமாக ஆடினேன். ஒன்றாம் பாறையிலேயே சறுக்கினேன். அவர்களும் சறுக்கினார்கள். டிக் டிக்குக்குப் பழகிப்போய் ஆன்டியின் கை தாமதமாக வெட்டியது, ஆடு தரைக்கு வந்து நின்ற பிறகுதான் புல்லாங்குழல் அக்கா அவசர அவசரமாக வாத்தியத்தை உதட்டில் வைத்தார். டிராம்போன் வரக்கூடாத இடத்தில் வந்து ஆடு கத்துவது போலக் கத்தியது. ஆனால் எல்லோரும் நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பாறையின் பெரிய தாவலில் விழுந்தேன், மறுபடியும் விழுந்தேன், விழுந்துகொண்டே இருந்தேன். கடைசிவரை மேலே போகவில்லை.

பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நான் ஆடலாம். ஆனால் மூன்றாம் பாறையில் நான் விழுந்துகொண்டே இருந்தால், பெரிய திரையில் உன் பதிவுக்கு மாற்றிவிடுவது, அதோடு கச்சேரியை நல்லபடியாக முடிப்பது. மாற்றுகிற பொத்தான் அப்பாவின் மேசையில். அப்பா கேட்டு வாங்கிய நிபந்தனை அது. என் முன்னால் உள்ள சின்னத் திரையில் என் ஆடு விழுந்துகொண்டிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்பா ஸ்கூட்டரை எடுக்கப் போனதும் ஆன்டியிடம் கேட்டேன். "அவர் மாத்திட்டா நீங்க யாரோட வருவீங்க?"

ஆன்டி காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். "இது எனக்கு நக்கோம்மா, வேண்டாம். எனக்கு முன்னால யார் உயிரோட உக்காந்திருக்காங்களோ அவங்களோட வருவேன்."

திருமலகிரி சிக்னலில் நின்றபோது, அப்பா தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"நீ கேக்கது என்னன்னு உனக்குத் தெரியுதா பிள்ள? அந்தப் பதிவுல அவ கை இருக்கு. நான் ஒரு தடவையாவது அதைப் பெருசாப் பாக்கணும்னுதான் அந்த லேப்டாப்பைத் தூக்கிட்டு அலையுதேன்."

அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுல அம்மா விழவே மாட்டாங்கப்பா."

"அதுதானே வேணும்?"

"அது அம்மா இல்லைப்பா. அம்மா விழுந்துக்கிட்டே இருப்பாங்க."

பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் அவர் வண்டியை நகர்த்தினார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் டிவியில் ஆட்டைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். அவர் இதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார், நான் திருப்பிக் கொடுத்தேன். ஆடு நான்கு அடி நடந்து, பாறையே இல்லாத இடத்தில் உருண்டு விழுந்தது. புல்லாங்குழல் வந்தது.

"இது ஏன் சோகமா இல்ல?" என்றார்.

நீ சண்டை போட்ட கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுபடியும் ஆடினார், மறுபடியும் விழுந்தார். "என்ன ஆடுட்டி இது, கால் இருக்கா இல்லையா இதுக்கு?" என்றார். அந்தப் புல்லாங்குழலைக் கேட்பதற்காகவே விழுகிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அமுக்க மாட்டேன்னு உனக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. அத்தனை பேர் முன்னால நீ அழுதா என் கை தானாப் போயிரும்."

"அமுக்குங்கப்பா. ஆனா நான் நாற்காலியை விட்டு எழுந்துக்க மாட்டேன்."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அம்மா. வகுப்பிலிருந்து ஒரு கும்பலே வருகிறது. இப்போதே என்னை "மேகா, மேகா" என்று கூப்பிடுகிறார்கள், தெலுங்கில் ஆடு என்று அர்த்தம். நாளை விழுந்தால் பள்ளி முடிகிற வரைக்கும் அதுதான் என் பெயர். இருக்கட்டும். கத்தச் சொன்னால் கத்தியும் காட்டுவேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாளை அப்பாவின் கை அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டால், பெரிய திரையில் நீ ஏறுவாய், ஒரு பிசகும் இல்லாமல். கீழே நான் விழுந்துகொண்டிருப்பேன். எஸ்தர் ஆன்டியின் கை எனக்காகத்தான் வெட்டும். திரையில் உன் ஆடு உச்சியில் நிற்கும்போது அரங்கு முழுக்க விழுகிற புல்லாங்குழல் கேட்கும். பார்க்க வந்தவர்கள் குழம்பட்டும். எங்கேயோ பிழை என்று நினைக்கட்டும். நீ இருந்திருந்தால் நீயே அதைப் பிழை என்று எழுதி அனுப்பியிருப்பாய், தெரியும். இந்த ஒன்றை மட்டும் நான் திருத்த மாட்டேன். உன் ஆட்டம் முடிந்துவிட்டது அம்மா. அதைக் கொண்டுவந்து என் ஆட்டத்தை முடித்துவைக்க யாரையும் விட மாட்டேன். நீயே வந்து கேட்டாலும் விட மாட்டேன்.

உன் சாமர்த்தியம் எதுவும் எனக்கு வரவில்லை. அந்தத் தாவல் எனக்கு நாளையும் வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்று ரிகர்சலில் ஒன்றைக் கவனித்தேன். ஆடு இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது, தரையைத் தொடவில்லை. அதற்குள் என் கட்டைவிரல் 'மறுபடியும்' பொத்தானின் மேல் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. நான் அதை அங்கே வைக்கவில்லை.